தலையாட்டாமல் இரண்டு நிமிடம்

என்னை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நான் பேசமாட்டேன் என்பதுதான். அதை அவளே சொன்னாள். மாடி அறைக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்கு எதிரில் போட்டாள்.

"ம்மா, தினம் எனக்கு ஒரு கால்மணி நேரம் வேணும். நீங்க இந்தச் சேர்ல உக்காரணும். நான் இங்கிலீஷ்ல பேசுவேன். பாத்துகினு இருந்தா போதும்."

"எனக்கு இன்னா தெரியும் இங்கிலீஷு? நான் அஞ்சாவதோட நின்னவ."

"தெரிய வேணாம். பரீட்சையில எதிர்ல உக்கார்றவரு நல்லா இருக்குன்னும் சொல்ல மாட்டாரு, இல்லன்னும் சொல்ல மாட்டாரு. மூஞ்சியில ஒண்ணும் தெரியாது. வேலை செய்ற எடத்துல எல்லாரையும் உக்கார வெச்சுப் பாத்துட்டேன். ஒருத்தர் சிரிக்கிறாரு, ஒருத்தர் தலையாட்டுறாரு, ஒருத்தர் நடுவுல பூந்து அவரு கதைய சொல்றாரு. இந்த ஊர்ல பேசாம உக்கார்ற ஆளுன்னா நீங்கதான்."

இது புகழ்ச்சியா, குறை சொல்வதா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அவளிடம் அந்த இரண்டுமே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. இருப்பதைச் சொல்வாள். அவ்வளவுதான்.

அவள் சொன்னதும் உண்மைதான். எங்கள் குப்பத்தில் பேசாத பெண் என்றால் அது அதிசயம். கரையில் படகு வந்து மீனை ஏலம் விடும்போது எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். எனக்குக் குரலே எழும்பாது. என் நாத்தனார்தான் எனக்கும் சேர்த்து ஏலம் கேட்பாள். மாமல்லபுரத்தில் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தாலும் கூவ மாட்டேன். வருகிறவர்கள் வந்தால் வியாபாரம். அப்படியே காலம் ஓடி, பிள்ளை மாடி கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். அந்த மாடிக்கு வந்தவள்தான் இவள்.

முப்பது வயது இருக்கும். செய்யூர்ப் பக்கம், வேர்க்கடலை ஆயும் கூலிக்குப் போன தாய்க்குப் பிறந்தவள். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிறார்களே, அங்கே சோதனைக்கூடத்தில் வேலை. கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து, அதில் உப்பு எவ்வளவு, வேறு என்ன எவ்வளவு என்று பார்த்து எழுதுவாள். அந்தத் தண்ணீர்ப் படிப்பையே பெரிய படிப்பாகப் படிக்க ஒரு குளிர் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டிருந்தாள். இடம் உண்டு என்று பதில் வந்துவிட்டது. ஆனால் இங்கிலீஷ் பரீட்சையில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்ற நாலிலும் ஆறரைக்குக் குறையக் கூடாதாம். ஒரு முறை எழுதிவிட்டாள். மூன்றில் தேறி, பேச்சில் மட்டும் ஐந்தரை. இன்னொரு தடவைக்குத்தான் நேரம் இருந்தது. அதையும் விட்டால் அந்த வருஷத்து இடம் போய்விடும்.

பேச்சில் ஏன் குறைந்தது என்று எனக்குப் புரியவில்லை. இங்கிலீஷ் படம் பார்த்தால் தனியாகச் சிரிக்கிறவள் அவள்.

அவளே சொன்னாள். பேச்சுப் பரீட்சையில் ஒரு கார்டு கொடுப்பார்களாம். அதில் ஒரு விஷயம் எழுதியிருக்கும். ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் அதைப் பற்றிப் பேச வேண்டும். இவளுக்கு வந்த கார்டு, சின்ன வயதில் கிடைத்த ஒரு பரிசு.

"எனக்கு யாரும் பரிசு குடுத்ததில்லன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். வேற ஏதாவது சொல்றீங்களான்னு கேட்டாரு. இல்லன்னேன்."

"பள்ளிக்கூடத்துல கூட ஒண்ணும் குடுக்கலியா?"

"சைக்கிள் குடுத்தாங்க. அது கவர்மெண்டு திட்டம்மா. எல்லாருக்கும் குடுத்தது. பரிசு இல்ல."

சைக்கிளையே பரிசு என்று சொல்லியிருந்தால் தலை போய்விடாது. யாரும் செய்யூர் வரைக்கும் வந்து விசாரிக்கப் போவதில்லை. அப்போது நான் இதைச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பழகியிருந்தேன்.

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு உட்காருவோம். அவள் கைப்பேசியில் நேரம் வைத்து என் மடியில் தருவாள். மணி அடித்ததும் நான் கையைக் காட்ட வேண்டும். அதுதான் என் வேலை. முதல் இரண்டு நாள் எனக்குத் தலை தானாக ஆடியது. "ம்மா, தலை" என்பாள். நிறுத்திவிடுவேன். பாஷை புரியாததால் அவள் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். கை வட்டம் போட்டால் அடுப்பு, சமையல். மேலே தூக்கினால் மலையோ கட்டடமோ. முடிந்ததும், "திருக்கழுக்குன்றம் படி ஏறுனதச் சொன்னியா?" என்று கேட்பேன். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். சில கார்டுகளுக்குக் கை இரண்டும் மடியில் அப்படியே கிடக்கும். அப்போது அவளிடம் அந்த விஷயம் இல்லை என்று அர்த்தம்.

அவளுக்குச் செங்கல்பட்டில் ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது. அங்கே இருந்த சார் ஐம்பது கார்டு எழுதிக் கொடுத்திருந்தார். இதிலிருந்துதான் வரும், இல்லாததை இருப்பதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் சொல்வது நிஜமா என்று அவர்கள் பார்ப்பதில்லை, பாஷையைத்தான் பார்ப்பார்கள் என்றாராம். கூடப் படித்தவர்கள் எல்லாரும் கதை கட்டி மனப்பாடம் செய்தார்கள். பார்க்காத நயாகராவைப் பார்த்ததாக ஒரு பையன் அழகாகப் பேசுவானாம்.

இவள் வேறு வழி கண்டுபிடித்தாள். எது தனக்கு நடக்கவில்லையோ அதை நடத்திவிடுவது. பள்ளிக்கூடம், ஹாஸ்டல், சோதனைக்கூடம் என்றே போன வாழ்க்கை. ஐம்பதில் இருபத்திரண்டு கார்டுக்கு அவளிடம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கையால் ஒரு பொருள் செய்தது என்ற கார்டுக்காகச் சிற்பப் பட்டறையில் போய் உட்கார்ந்து, உளி பிடித்து, கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு வந்தாள். கையில் கட்டோடு, "எலி மாதிரி ஒண்ணு வந்திருக்கும்மா, பிள்ளையார்னு ஆரம்பிச்சேன்" என்றாள். வழி தெரியாமல் போன அனுபவம் என்ற கார்டுக்காக எந்த ஊர்ப் பலகை என்று பார்க்காமல் ஒரு பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் இவளை அடையாளம் தெரிந்து, "நெம்மேலி தண்ணி மேடம்தானே, தப்பு வண்டியில ஏறிட்டீங்க" என்று அடுத்த நிறுத்தத்தில் இறக்கி, எதிரில் வந்த வண்டியில் ஏற்றிவிட்டாராம்.

"தொலையவே முடியலம்மா" என்று மாடிப்படியில் உட்கார்ந்து வருத்தப்பட்டாள். இப்படி ஒரு வருத்தத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவளோடு சாப்பிட உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். குழம்பு எப்படி என்று கேட்டுவிடக் கூடாது. "உப்பு கம்மி. புளி சரியா இருக்கு. போன வாரத்து அளவுக்கு இல்ல" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி பட்டுப்புடவை எடுத்துவந்து காட்டினாள். "நல்லா இருக்கு. ஆனா பட்டு இல்ல, கலப்பு" என்றுவிட்டாள். ஒரு மாதம் அந்த வீட்டிலிருந்து எங்களுக்குக் கறிவேப்பிலை வரவில்லை.

எல்லாவற்றிலும் பெரியது படகு விஷயம்.

தண்ணீரில் போன ஒரு பயணம் என்று ஒரு கார்டு. என் அண்ணன் மகன் சேகரிடம் ஃபைபர் படகு இருக்கிறது. அவனைக் கேட்டாள்.

"பொம்பளைய ஏத்திகினு போனா ஊரு சிரிக்கும் அத்தே" என்றான் என்னிடம்.

"சும்மா வரல. வலை இழுக்கிறேன்" என்றாள் அவள்.

"வாந்தி எடுத்தா?"

"எடுப்பேன்னுதான் நெனைக்கிறேன். பாத்தாத்தான் தெரியும்."

அந்தப் பதிலுக்கே சேகர் ஒத்துக்கொண்டான். விடியலில் போய் ஒன்பது மணிக்குத் திரும்பினார்கள். அன்றைக்குப் பார்த்து நல்ல பாடு. பெட்டி பெட்டியாகச் சங்கரா மீன். கரையில் இருந்தவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். "எங்கடா போட்ட வலைய?" என்று ஒருத்தர் கேட்டார். சேகர் வலையை உதறிக்கொண்டே, "தெக்கால, சதுரங்கப்பட்டினம் தாண்டி" என்றான். கடலுக்குப் போகிறவன் மீன் கிடைத்த இடத்தைச் சொல்லமாட்டான். கேட்பவருக்கும் அது தெரியும். இருந்தாலும் கேட்பார், அவனும் ஏதோ ஒரு திக்கைச் சொல்வான். இது எங்கள் பக்கத்து வழக்கம். அதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

படகிலிருந்து இறங்கியவள், நனைந்த தலையோடு, முகம் வெளுத்துப்போய், தெளிவாகச் சொன்னாள்.

"இல்லியே, வடக்காலதானே போனோம். கலங்கரை விளக்கமும் அந்த ஹோட்டல் தண்ணித் தொட்டியும் ஒண்ணு மேல ஒண்ணா தெரிஞ்சுதே, அங்கதான் நின்னோம். கயிறு பன்னெண்டு பாகம் ஆழம் எறங்குச்சு, நான் எண்ணுனேன்."

முதலில் ஒரு கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சேகர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் அந்த இடத்தில் ஒன்பது படகு நின்றது. மீன் அடையும் அந்தக் கடலடிப் பாறை, அவன் அப்பன் அவனுக்கு மட்டும் காட்டி வைத்தது.

"அத்தே, உன் வூட்டு மாடியில குடி வெச்சிருக்கியே, அது ஆளா மைக் செட்டா?" என்று வாசலில் நின்று கேட்டான்.

அவளே இறங்கி வந்தாள். "நான் சொன்னது தப்பில்ல. ஆனா அந்த எடம் உங்களுது. அத எடுத்து நான் குடுத்திருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க" என்றாள். சேகர் கேட் வரை போய்த் திரும்பினான். "அடுத்த தபா வாயில துணி கட்டிகினு வா" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த தடவையும் உண்டு என்றுதானே அதற்கு அர்த்தம்.

அன்று சாயங்காலம் அவள் கார்டு எடுக்கவில்லை. என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேக்குறவங்களுக்கு அது பொய்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுகினு ஏன் கேக்குறாங்க?"

எனக்கு அதுவரை அப்படி யோசிக்கத் தோன்றியதில்லை. "கேக்காமப் போனா மரியாதையா இருக்காது" என்றேன். நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டாள்.

பரீட்சைக்கு முதல் நாள் ஒரே ஒரு கார்டு பாக்கி இருந்தது. அதே பரிசு. அது மறுபடியும் வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். என் எதிரில் உட்கார்ந்து இரண்டு நிமிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கை மடியில் கிடந்தது. மணி அடித்தது. நான் கையைக் காட்டினேன்.

எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய், நான் மீன் விற்கப் போகும்போது இடுப்பில் செருகும் சுருக்குப்பையை எடுத்துவந்து நீட்டினேன்.

"இந்தா, இத வெச்சுக்க. நான் குடுத்த பரிசுன்னு சொல்லு."

தொட்டுப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள். "கார்டுக்காகக் குடுத்தா அது பரிசு இல்லம்மா."

அப்போதுதான், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, நான் ஒருத்தருக்குப் புத்தி சொன்னேன்.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு. நாளைக்கு அந்தக் கார்டு வந்தா பொய் சொல்லிட்டு வா. சின்ன வயசுல எங்க அத்தை பொம்மை குடுத்தான்னு சொல்லு. சேகரு தெக்கன்னு சொல்லலியா? அவன் இன்னா கெட்டவனா? கரைக்கு வந்தவன் சொல்ற பேச்சு அது. நீயும் அந்த மாதிரி ஒரு பேச்சு பேசிட்டு வா. படிக்கிற படிப்பு ஒரு பொம்மைக்காகப் போவணுமா?"

"கரையில கேக்குறவங்களுக்குப் பொய்னு தெரியும்மா. பரீட்சையில கேக்குறவருக்குத் தெரியாதே. தெரியாதவர்கிட்ட சொல்றதுதான் பொய்."

"நிஜமான்னு பாக்க மாட்டாங்கன்னு அந்த சாரே சொன்னாரு இல்ல?"

"பாக்காத எடத்துலதாம்மா ஒழுங்கா எழுதணும். நான் குழாய்ல பாத்து எழுதுற கணக்க வேற யாரு பாக்குறாங்க? அந்தத் தண்ணிய ஊரே குடிக்குது."

குரல் உயரவில்லை. ஆனால் முகம் சிவந்திருந்தது. நாற்காலியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ராத்திரி சாப்பிட வரவில்லை. காலையில் நான் காபி போட்டு வைத்தேன். கேட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள்.

ஒருத்தருக்குப் புத்தி சொன்னால் என்ன ஆகிறது என்று பார்த்தாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன். பரீட்சைக்குப் போகிற பெண்ணைப் பட்டினியாக அனுப்பிவிட்டேன். அந்தக் கோபத்திலேயே அங்கே வாயடைத்து உட்கார்ந்துவிட்டால்? மீன் ஆயும்போது இரண்டு முறை விரலை அறுத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு வந்தாள். நாற்காலியை இறக்கி வந்து போட்டு, அன்றைக்கு அவளே அதில் உட்கார்ந்துகொண்டாள். நான் எதிரில் தரையில்.

"இன்னா கார்டு வந்துச்சு?"

"உங்களுக்கு ஒருத்தர் சொன்ன அறிவுரை. யார் சொன்னாங்க, இன்னா சொன்னாங்க, நீங்க அதக் கேட்டீங்களா, அதால பலன் இருந்துச்சா."

"யாரச் சொன்ன?"

"உங்களத்தான். வேற யாரு எனக்கு அறிவுரை சொன்னாங்க? எங்க அப்பா படின்னுகூடச் சொன்னதில்ல."

"இன்னா சொன்னேன்னு சொன்ன?"

"இந்தப் பரீட்சையில உங்ககிட்ட பொய் சொல்லிட்டு வரச் சொல்லி எங்க வூட்டுக்காரம்மா நேத்து சொன்னாங்கன்னு சொன்னேன்."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அவள் நிறுத்தவில்லை. படகு, சங்கரா மீன், தெற்கு வடக்கு, ஒன்பது படகு எல்லாம் சொன்னாளாம். சொல்லச் சொல்லக் கை தானாக ஆடியதாம். இரண்டு நிமிடம் ஆகிவிட்டது என்று அவர் கையைக் காட்டும்போது இன்னும் பாதி பாக்கி இருந்ததாம்.

"அவரு இன்னா பண்ணாரு?"

"உங்கள மாதிரியேதான் உக்காந்திருந்தாரு. சேகரு என்ன மைக் செட்டுன்னதச் சொன்னப்போ மட்டும் குனிஞ்சு பேனாவப் பாத்தாரு."

"பலன் இருந்துச்சான்னு கேட்டாங்களே, அதுக்கு?"

"நான் அந்தப் புத்தியக் கேக்கல, ஆனா பலன் இருந்துச்சுன்னு சொன்னேன். அவங்க அதச் சொல்லலன்னா இந்த ரெண்டு நிமிஷம் பேச எங்கிட்ட ஒண்ணும் இருந்திருக்காதுன்னு சொன்னேன்."

முந்தானையை இறக்கினேன். அப்புறம் கேட்டேன்.

"எம் பேரச் சொன்னியா?"

"சொன்னேன்."

"எதுக்கு?"

"யார் சொன்னாங்கன்னு கார்டுல கேட்டிருந்துச்சேம்மா."

மேசை மேல் ஒரு சின்னப் பெட்டி இருக்குமாம். பேசுகிறது எல்லாம் அதில் பதிவாகுமாம். கரையில் நின்று ஏலம் கேட்கக் கூசிய என் பேர், பொய் சொல்லச் சொன்னவள் என்று அந்தப் பெட்டியில் ஏறிவிட்டது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. பேச்சில் ஏழு, மற்ற மூன்றிலும் தேறிவிட்டாள். படியில் ஓடிவந்து சொல்லிவிட்டு, "சாப்பாடு ஆச்சா? பசிக்குது" என்றாள். அன்றைக்குக் குழம்பைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கிளம்பும் நாளில் சேகர்தான் பெட்டியை ஆட்டோவில் ஏற்றினான். சுருக்குப்பையை மறுபடியும் கொடுத்தேன். "எதுக்கும்மா?" என்றாள். "சும்மா" என்றேன். கொஞ்சம் யோசித்து வாங்கிக்கொண்டாள்.

அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாள். சேகர் மகள் கைப்பேசியைப் பிடித்துக் காட்டுகிறாள், நான் எதிரில் உட்காருகிறேன். போன வாரம் என் முட்டி வலியைக் கேட்டாள். "போயிடுச்சு" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நான் வந்து உட்கார்ந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். முன்பானால் விடமாட்டாள், எந்தக் கால், எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று துருவியிருப்பாள். அன்றைக்கு, "சரிம்மா" என்றாள்.

"அங்க குளிரு எப்படி கீது?" என்று கேட்டேன்.

தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் துண்டு, மூக்கு நுனி சிவந்திருந்தது. "குளிரா? அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கு" என்றாள். சொல்லும்போது கை இரண்டும் அசையாமல் மடியில் கிடந்தது.

நான் தலையாட்டவில்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.